தீர்த்தகிரியின் விஞ்சும் என் மாடுகளும்

சித்தேரி மலையடிவாரத்தில் தீர்த்தகிரியைத் தெரியாதவர்கள் கிடையாது. கோடாலிக்காரன். மரத்தைத் தட்டிப் பார்த்தே எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லிவிடுவான். ஓடைப் பள்ளத்தில் அவன் வெட்டும் கட்டைகளை, மாடு பூட்டி மேட்டிலிருக்கும் வண்டிப்பாதைக்கு இழுத்துச் சேர்ப்பது என் பிழைப்பு. பன்னிரண்டு வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்து களி தின்றோம்.

1943, சண்டைக்காலம். பட்டாளத்துக்கு மரம் போகவேண்டும் என்று காண்ட்ராக்டர் வெங்கடாசலம், கம்பிவடம் சுற்றி இழுக்கும் விஞ்சு ஒன்றைக் கொண்டுவந்தார். அதை மேட்டில் ஒரு வேங்கை மரத்தோடு கட்டி, கம்பிவடத்தைப் பள்ளத்திலுள்ள கட்டையில் மாட்டி, நாலு பேர் கைப்பிடியைச் சுற்றினால் கட்டை ஏறி வந்துவிடும். அதற்கு மேஸ்திரி தீர்த்தகிரி. அவன் ஒரு நாளைக்குப் பதினாலு கட்டை ஏற்றினான். என் மாடுகள் இழுத்தது ஐந்துதான்.

"அந்தண்ணன் பதினாலு ஏத்துறாராமே?" என்றாள் என் வூட்டுக்காரி குள்ளம்மாள்.

"நீயும் போய்ச் சுத்து, பதினஞ்சாகும்."

மாடே வேண்டாம் என்றாகிவிட்டால் ஜோடியைச் சந்தைக்குத்தான் ஓட்டவேண்டும். சோறு இறங்கவில்லை. கம்பி அறுந்து போகட்டும் என்று தீர்த்தமலை ஈசனை வேண்டினேன். பயந்துபோய், யார் மேலும் அடிக்காமல் அறுந்தால் போதும் என்று திருத்திக்கொண்டேன்.

என் மாடுகள் மரக்கன்றுகளைச் சுற்றி வளைந்து ஏறும். விஞ்சு நேர்கோட்டில் இழுத்தது. கட்டையின் மூக்கு மண்ணை உழுதுகொண்டே வந்தது. தீர்த்தகிரிக்கு அது பொறுக்கவில்லை. என்னிடம் வந்தான்.

"சென்னப்பா, குறுக்க மரக்கொம்புங்களப் போட்டா கட்டை மண்ணுல படாது. ஒரு நாளைக்கு உன் மாட்டக் கட்டி கொம்பு இழுத்துக் குடு. காண்ட்ராக்டரு ஆளு தரமாட்டேங்கறாரு."

"மாட்டுக்குக் கால் நோவுப்பா."

என் மாடுகளுக்கு ஒரு நோவும் இல்லை.

ஐப்பசி மழையில் கட்டை உழுத அந்தச் சால் வாய்க்காலாகி, மலைக்காரர்கள் குடிக்கும் ஊற்றைச் செம்மண் மூடிவிட்டது. வெறும் குடங்களோடு பெண்கள் வந்து நின்றார்கள். பாரஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"மாடா, விஞ்சா? எது கெடுத்தது?"

"விஞ்சுதாங்க சாமி," என்றேன். பொய்யில்லை.

"தடுக்க வழி ஒண்ணும் செய்யலியா?" என்று தீர்த்தகிரியைக் கேட்டார்.

தீர்த்தகிரி என்னைப் பார்த்தான். அவன் வாயைத் திறந்தால் போச்சு. நானே திறந்திருக்கலாம்.

"செஞ்சிருக்கணுங்க. என் தப்புதான்," என்றான்.

பாரஸ்டர் உத்தரவில் விஞ்சை மறுநாளே கழற்றி வண்டியில் ஏற்றிப் போனார்கள். அவனுக்கும் அந்தக் காட்டில் வேலை இல்லை என்றாகிவிட்டது. கட்டையெல்லாம் என் மாடுகளுக்கே வந்தது. போகிறபோது கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு என் தொழுவத்துக்கு வந்தான். மாட்டின் முன்னங்காலை உருவிப் பார்த்தான்.

"நோவு தேவலையா?"

"ம், தேவல."

செவலை மாடு கழுத்தை நீட்டி அவன் கையை நக்கியது. என் கையை அது ஒருநாளும் நக்கியதில்லை. அதைப் பார்க்கவும் எனக்கு வயிறு எரிந்தது.