நோட்டீசில் அச்சான ஊர்

நாடக நோட்டீசில் நடிகர் பெயருக்கு முன்னால் சொந்த ஊரைப் போட்டாக வேண்டும். ஊர் இல்லாத பெயரை ரசிகன் மதிக்கமாட்டான். குஞ்சம்மாளுக்குப் பதினோரு வருடம் ஆர்மோனியம் வாசித்தவன் நான். புதுக்கோட்டை, காரைக்குடி வரைக்கும் 'சித்திரமேடு குஞ்சம்மாள்' என்றால் சனங்கள் சாயங்காலமே பாயை விரித்து இடம் பிடிப்பார்கள். ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவில் கிடக்கும் சித்திரமேட்டை அவள் தொண்டைதான் ஊர் ஊராகச் சுமந்தது. அந்தச் சித்திரமேடு மட்டும் அவளைத் திருவிழாவுக்கு ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அவள் கீழத்தெருப் பெண். அம்மா பொன்னாயி, ஊர்க்காரர் கொல்லைகளில் கொட்டை பொறுக்கும் கூலி. காரணம் அவ்வளவுதான். மேலே கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

எழுபத்தொன்பதில் சினிமாவுக்குப் போனாள். மூன்று படம். இரண்டில் ஒப்பாரி வைத்தாள், ஒன்றில் சொந்தக் குரலில் ஒரு திருவிழாப் பாட்டு. மெட்ராஸ் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்தாள். உண்மையில் ஒரே வரியை இருபது தடவை பாடச் சொன்னதுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தத் திருவிழாப் பாட்டு வந்த படம் டூரிங் கொட்டகையில் ஓடியதும் சித்திரமேட்டுக்கு ஞானம் பிறந்தது. திருவிழாவுக்கு அழைப்பு வந்தது. எந்தப் புடவை கட்டுவது என்று அவள் என்னை நாலு நாள் நச்சரித்தாள். பிறகு ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நோட்டீசைப் பார்த்தோம். 'சினிமா புகழ் சென்னை குஞ்சம்மாள்' என்று இருந்தது. அவள் முகம் செத்துப்போனது.

போய்க் கேட்டதற்கு விழாக் கமிட்டி அரங்கநாதன் மழுப்பினார். "சென்னைன்னு போட்டாத்தாம்மா கூட்டம் வரும். முன்னால பெரியவங்கள்லாம் உக்காருவாங்க. எந்தத் தெருன்னு இப்ப எதுக்குக் கிளறணும்?"

நாடகம் ஆடாமலே போய்விடலாம் என்றேன். ஆனால் பொன்னாயி மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சென்னைன்னே இருந்துட்டுப் போவட்டும் தாயி. நீ பாடிட்டுப் போயிடுவ. நான் விடிஞ்சா அவங்க கொல்லைக்குத்தானே போவணும்?" குஞ்சம்மாள் அரிதாரம் பூசப் போனாள்.

எங்கள் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. கதாநாயகி மேடையேறியதும் பபூன் குறுக்கே வந்து பெயர், ஊர் விசாரிப்பான். அவள் அந்த நேரத்தில் தோன்றியதைப் பாட்டாகச் சொல்லலாம். நான் ஆர்மோனியத்தில் பின்னாலேயே ஓட வேண்டியதுதான். அன்று பபூன் செல்லக்கண்ணு. நோட்டீஸ் சமாச்சாரம் ஒன்றும் அறியாதவன்.

"அம்மணிக்கு எந்த ஊருங்க?" என்றான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள்.

"சென்னை எனக்கு ஊருமில்லே, சித்திரமேடு பொறந்த மண்ணு, கீழத்தெரு வளந்த பொண்ணு..."

என் விரல் ஒரு கணம் நின்றுவிட்டது. முன்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. இரண்டு பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். செல்லக்கண்ணுவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், வழக்கமான அடுத்த கேள்வியைக் கேட்டான்.

"அப்படியா! யாரு பெத்த பொண்ணு?"

அவள் வாயைத் திறந்தாள். பாட்டு வரவில்லை. அம்மாவின் கூலி போய்விடுமே என்று அவள் கண் எழுந்து நின்றவர்கள் பக்கம் போனதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பதினோரு வருடத்தில் அவள் மேடையில் ஊமையாக நின்றது அன்றைக்குத்தான். நான் அதே சுருதியை அழுத்திக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வந்தது.

அப்போது கூட்டத்துக்கு வெளியே, தடுத்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் கீழத்தெருச் சனம் நின்ற இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. மைக் தேவைப்படாத குரல். குஞ்சம்மாளுக்கு அந்தத் தொண்டை எங்கிருந்து வந்தது என்று நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"நாந்தான் பெத்தேன்! பொன்னாயி! நீ பாடு தாயி!"