மரச்சீனித் தோல்

கொட்டகைக் கூரையில் ஓடு மாற்றும்போது என் கணவர் தவறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அந்த வருஷம்தான் மக்காச்சோளமும் விலை ஏறியது.

இறைச்சிக்காக எருமைக் கடா வளர்ப்பது அவர் தொழில். இங்கே போத்து என்பார்கள். கன்றாக வாங்கி, சோளமாவும் புண்ணாக்கும் போட்டு, சதை பிடித்ததும் விற்றுவிடுவார். திருவனந்தபுரம் நகர எல்லை தாண்டி, வீட்டுக்குப் பின்னாலேயே கொட்டகை. எனக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்ததில்லை. நகரத்துக்குள்ளே கரமனையில் பிறந்தவள் நான். தம்பானூரில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் டிக்கெட் போடும் வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் பஸ் பிடித்துப் போய் வந்துகொண்டிருந்தேன். அவர் விழுந்ததும் லீவு சொன்னேன். "ஓணத்துக்குள்ள வந்திரணும், கேட்டோ" என்றார் மேனேஜர்.

கட்டிலைக் கொட்டகைப் பக்கத்து ஜன்னலோரம் போடச் சொன்னார் கணவர். படுத்தபடியே எல்லாவற்றையும் காதால் பார்த்தார். "அந்தக் கடைசிப் போத்துக்குத் தண்ணி காட்டினியா? தொட்டி கழுவுற சத்தமே கேக்கலியே?" சாணி வாரினாலும் சமையற்கட்டில் நின்றாலும் அந்தக் குரல் பின்னாலேயே வந்தது.

சோளம் இனி பழைய விலைக்கு வராது என்று வியாபாரி சொன்னபோது எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. "இருக்கறதை வித்துட்டு நிறுத்திடலாங்க" என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் பார்த்தபடி கேட்டார். "நிறுத்திட்டு நான் எதுக்கு இங்க கிடக்கணும்?"



அந்த வாரம் தடுப்பூசி போட வந்த மாட்டு டாக்டரம்மா, காலி மூட்டைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சேச்சி, சோளமே வேணும்னு இல்ல. பக்கத்து சிப்ஸ் கம்பெனியில மரச்சீனிக் கிழங்குத் தோலும் பலாச்சக்கை மடலும் வெறுதே வெளியில கொட்டுறாங்க. மரச்சீனித் தோலை நல்லா வெயில்ல காய வைக்கணும், பச்சையா மட்டும் குடுக்கவே கூடாது, விஷம். தேங்காய்ப் புண்ணாக்கைக் கொஞ்சம் கூட்டிக்கலாம்."

ஜன்னலிலிருந்து உடனே குரல் வந்தது. "டாக்டர் பறயறது சரிதான். நாளையே தொடங்கலாம்."

என்னை யாரும் கேட்கவில்லை.

தினமும் மூட்டை மூட்டையாக மரவள்ளிக்கிழங்குத் தோல் வந்து இறங்கியது. நறுக்கி, தார்ப்பாயில் பரப்பி, கிளறிவிட்டு, ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை காயவைப்பேன். சோளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இதைச் சேர்த்தேன். முதலில் கடாக்கள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. தின்னாமலே இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன். சில நாளில் தொட்டியை நக்கித் துடைக்கத் தொடங்கிவிட்டன.

பிறகு ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. தோலை வீட்டுக்குள் கொண்டுவந்து ஃபேனுக்கடியில் பரப்பினேன். என் புடவை, தலைமுடி, தலையணை எல்லாவற்றிலும் அந்தப் புளித்த வாடை. வெளியே போக வழியில்லை. உள்ளே கால் வைக்க இடமில்லை.

ஒரு மத்தியானம் ஒரு கடா கயிற்றை அறுத்துக்கொண்டு, மூலையில் கிடந்த பச்சைத் தோல் குவியலில் வாய் வைத்துவிட்டது. நான் பார்க்கும்போதே உடம்பு நடுங்க, துருத்திபோல மூச்சு வாங்கி, பக்கவாட்டில் சாய்ந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்துவிட்டு, அதன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தேன். அது செத்தால் இந்தத் தீனி முயற்சியே நின்றுவிடும், எனக்கு விடுதலை. அதெல்லாம் அப்போது நினைவுக்கே வரவில்லை. "போயிராதே, போயிராதே" என்று அழுதுகொண்டிருந்தேன்.

டாக்டரம்மா மழையில் நனைந்து வந்து நரம்பில் மருந்தேற்றினார். வெகுநேரம் கழித்து அது தள்ளாடி எழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் பின்வாசற்படியில் என் கணவர். கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் கையூன்றி ஊர்ந்தே வந்திருக்கிறார். வலியில் முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணும் ஆயிடலையே?" என்று கேட்டார்.

என்னைப் பற்றிக் கேட்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் கண் கடாவின்மேல் இருந்தது. நானும் டாக்டரம்மாவும் அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டோம்.

ஓணத்துக்கு முன் வியாபாரி வந்து, கடாக்களின் முதுகைத் தடவிப் பார்த்தார். "சோளமா குடுத்தீங்க?" என்றவர் பதிலைக் கேட்டு நம்பவில்லை. விழுந்தபிறகு என் கணவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். லாரி கிளம்புவதற்குள் போனில் புதுக் கன்றுகளுக்குச் சொல்லிவிட்டார், முன்னைவிட அதிகமாக. "இனி சோளத்தை எதிர்பார்க்க வேண்டாமே!"

ஓணம் முடிந்த பிறகுதான் அலுவலகத்துக்குப் போன் செய்ய முடிந்தது. என் நாற்காலியில் வேறு ஒரு பெண் உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் மரியாதையாகத்தான் சொன்னார்.

இப்போது என் கணவர் வாக்கர் பிடித்துக் கொட்டகைவரை நடக்கிறார். நேற்றுக்கூட, "இனி தீனியை நீங்களே கலக்குங்களேன்" என்றேன்.

"உன் கைப்பக்குவம் எனக்கு வராது, கேட்டியா" என்றார்.

பாராட்டாகத்தான் சொன்னார். நான் வாளியை எடுத்துக்கொண்டேன்.