பாலத்துக்கு வந்த பலகைகள்

மக்கீன் மாஸ்டர் மேடையேறித் தொண்டையைச் செருமினால் ஸைனம்பு வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவாள். அவர் "அன்பார்ந்த சகோதரர்களே" என்று முடிப்பதற்குள் பாக்கு வெட்டியாகிவிடும். "நமது சமூகத்தின் இன்றைய நிலை" என்று கையை உயர்த்தும்போது, காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவிய வெற்றிலை வாய்க்குள் போயிருக்கும். முதல் வாய்ச் சாற்றைத் துப்புவதற்குள் பேச்சு விஷயத்துக்கு வந்துவிட்டால் அது நல்ல பேச்சு என்பது அவள் கணக்கு. அப்படி ஒரு நல்ல பேச்சை அவள் இன்னும் கேட்கவில்லை.

கஹவத்தைக் கடைவீதியில், அப்துல் ரஸாக் முதலாளியின் புடவைக்கடைக்குப் பக்கத்து வெறும் வளவில் ஞாயிறுதோறும் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் சங்கம் கூடுகிறது. ஊர்க் குறைகளுக்கு யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம் என்பது சங்கத்தின் விதி. கடைக்காரர்கள் வருவார்கள். சாமான் வாங்க இறங்கி வந்த தேயிலைத் தோட்டத்துச் சனங்களும் மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்று கேட்பார்கள். பெண்பிள்ளையாக அங்கே உட்கார்ந்திருப்பவள் ஸைனம்பு ஒருத்திதான். முக்காட்டை நெற்றிவரை இழுத்து விட்டுக்கொண்டு, மேடைக்கு வலப்பக்கம் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அமர்ந்திருப்பாள். எழுந்து போகச் சொல்ல யாருக்கும் வாய் வராது. கூட்டத்தில் பாதிப் பேரைத் தன் இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தவள் அவள்.

நாற்பது வருஷமாக மருத்துவிச்சி. கடைவீதிக்கும் அவள்தான், அதைத் தாண்டிய சிங்களக் கிராமத்துக்கும் அவள்தான், ஆற்றுக்கு அக்கரையில் தொழிலாளர் குடியிருக்கும் தோட்டத்து மேற்பிரிவு லயங்களுக்கும் அவள்தான். கிராமத்து வீடுகளில் அவள் சிங்களம் பேசுவதைக் கேட்டால் அங்கேயே பிறந்தவள் என்று சத்தியம் செய்யலாம். லயத்துக் காம்பராவுக்குள் நுழைந்துவிட்டாலோ, "முக்கு தாயி, நல்லா முக்கு" என்று லயத்துப் பேச்சே வந்துவிடும். ஒரு குடை, வெள்ளைத் துணி மூட்டை ஒன்று, அதற்குள் கத்தரிக்கோல், நூல், ஆமணக்கெண்ணெய். பிள்ளை பிறக்கும் வீட்டில் ஆண்கள் கூடி நின்று பேசினால் அவளுக்குப் பிடிக்காது. ஆளுக்கொரு வேலை கொடுத்து விரட்டிவிடுவாள். வேலை இல்லாவிட்டால், கொதித்துக் கிடக்கும் வெந்நீருக்கே இன்னும் விறகு கொண்டுவரச் சொல்வாள்.

யாருடைய குணத்தையும் அவர்கள் பிறந்த விதத்தை வைத்துத்தான் அவள் சொல்வாள். மக்கீன் மாஸ்டரின் பேச்சு நீண்டால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும்படியே சொல்லுவாள்:

"இவன் வெளிய வாறதுக்கே ரெண்டு பகல் எடுத்தவன். இப்ப மட்டும் கெதியா விஷயத்துக்கு வருவானா?"

ரஸாக் முதலாளி காலால் வந்தவர். அதனால் எதையும் தலைகீழாகத்தான் செய்வார். தோட்டத்தின் சார்பில் பேச வரும் கந்தையாக் கணக்கப்பிள்ளையைப் பற்றி மட்டும் அவளால் ஒன்றும் சொல்ல முடியாது. அவர் பிறந்தது இந்தியாவில். "அவன எடுத்தவ ஆரெண்டு தெரிஞ்சா ரெண்டு வார்த்த கேட்டீப்பேன்" என்று அலுத்துக்கொள்வாள்.

இந்த வருஷம் சங்கம் எடுத்துக்கொண்ட குறை, அக்கரைக்குப் போகிற பாலம். பாலம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆற்றின் நடுவே ஒரு பாறை. இக்கரையிலிருந்து பாறைவரை கல்லுக்குக் கல் கால் வைத்துப் போகலாம். பாறையிலிருந்து அக்கரைக்கு இரண்டு மரங்களைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றைப் போன வருஷத்து வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மிச்சமுள்ளது ஒற்றை மரம், உருண்டையாகவும் பாசி பிடித்தும் கிடக்கிறது. கொழுந்து பறிக்கிற பெண்கள் எப்படியோ ஓடித் தாண்டிவிடுவார்கள். ஸைனம்புவுக்கு ஐம்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு. மூட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு, மரத்தின் மேல் குந்தி, அல்லாஹ்வைக் கூப்பிட்டுக்கொண்டே அங்குலம் அங்குலமாக நகர்வாள். அதுவும் வெயில் நாளில்தான். மழை பெய்து மரம் நனைந்துவிட்டால் அதற்கும் வழியில்லை. வண்டிப் பாதையில் சுற்றினால் ஐந்து மைல்.

அந்த ஐந்து மைலை அவள் ஒருமுறை நடந்தாள். மரம் போன மறுவாரம் அது. முத்துவீரனின் பெண்சாதி அழகம்மாவுக்குத் தலைப்பிரசவம். கொட்டுகிற மழையில் குடை திரும்பிக்கொள்ள, முழங்கால்வரை சேறோடு அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளையின் கழுத்தில் கொடி இரண்டு சுற்று சுற்றியிருந்தது. தெரிந்த கை பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு விரலால் எடுத்துவிட்டிருக்கலாம். துணியில் சுற்றி வைத்திருந்த ஆண்பிள்ளையை அவள் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழகம்மா அழவில்லை. "மழையில நனைஞ்சு வந்திருக்கீங்க, தலையத் தொடைங்கம்மா" என்றாள். அந்தச் சொல்தான் ஸைனம்புவை இன்றுவரை உறங்கவிடாமல் அறுக்கிறது.

அதனால்தான் அவள் கூட்டத்துக்கு வருகிறாள். இதையும் சேர்த்துப் பதினோராவது ஞாயிறு. அழகம்மாவுக்கு மறுபடி மாதம் முழுதாகிவிட்டது.

முதல் ஞாயிறே பாலம் கட்டி முடிந்திருக்க வேண்டியது. அழகம்மாவின் பிள்ளை போன கதையைக் கேட்டு ரஸாக் முதலாளி அன்று நெகிழ்ந்துபோய், பாலத்துக்கென்று நாலு பலாப் பலகை கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொன்றும் பன்னிரண்டு முழ நீளம், மூன்று விரல் தடிப்பு. ஒரு பலகையை ஒற்றை மரத்துக்குப் பக்கத்தில் போட்டாலே போதும், ஸைனம்பு நிமிர்ந்து நடந்து போய்விடுவாள். ஆனால் கந்தையா எழுந்து ஒரு யோசனை சொன்னார்.

"பெட்டிசம் எழுதி அனுப்பியிருக்கோமுங்க. அரசாங்கத்துலயிருந்து தொரை ஒருத்தரு வந்து பாப்பாரு. அவரு வர்ற நேரம் பலகை கெடந்தா என்னான்னு எழுதுவாரு? பாலம் இருக்குதுன்னு எழுதிப்புட்டுப் போயிருவாரு. அப்பறம் இரும்புப் பாலம் நமக்குக் கனவுலதாங்க வரும்."

கூட்டம் கைதட்டியது. எவ்வளவு நுட்பமான யோசனை! துரை வரும்வரை ஆறு பார்ப்பதற்கு மோசமாகவே இருக்க வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. பலகைகளை மழையில் போட்டு வைக்க வேண்டாமே என்று மக்கீன் மாஸ்டர் இன்னொரு யோசனை சொன்னார். எட்டுத் தேயிலைப் பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் நாலு பலகையையும் பரப்பி, மேலே தகரக் கூரை ஒன்றும் போட்டார்கள். அதுவரை தரையில் நின்று பேசிய சங்கத்துக்கு மேடை கிடைத்தது. அன்றுமுதல் பாலத்துக்காக வந்த பலகையின் மேல் ஏறி நின்றுகொண்டு பாலம் இல்லையே என்று பேசிவருகிறார்கள்.

பேச்சிலே குறை சொல்ல முடியாது. பாலத்துக்குத் தூண் கல்லிலா சீமெந்திலா என்று ஒரு ஞாயிறு போயிற்று. மாட்டு வண்டி போகும் அகலமா, மோட்டார் லொறி போகும் அகலமா என்று இரண்டு ஞாயிறு. பாலத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று ஆரம்பித்த அன்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஸைனம்பு ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் எழுந்து ஒரே கேள்வி கேட்பாள்.

"தொர எப்ப வாற?"

"வருவார் மாமி."

"பிள்ள தொரயப் பாத்துக்கொண்டு ஈக்காது மகன்."

"ஒங்கட கருத்தையும் குறிச்சு வெச்சீக்கிறேன் மாமி" என்பார் மக்கீன் மாஸ்டர். குறித்தும் வைப்பார். குறிப்புப் புத்தகத்தில் அவள் கருத்து பத்து இடத்தில் இருக்கிறது.

பதினோராவது ஞாயிறு மத்தியானம் முழுக்க மழை. அஸருக்குக் கொஞ்சம் விட்டது. மக்கீன் மாஸ்டர் பேச்சில் பாதி தூரம் வந்திருந்தார். அப்போது தலையில் போட்ட கறுப்புக் கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்ட, முத்துவீரன் கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றான். மூச்சு வாங்கியது. சபையில் குறுக்கே பேசத் தயங்கி ஒரு கையை மட்டும் உயர்த்தினான். மாஸ்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்கள் சகோதரர்களே! லயத்திலிருந்தும் யோசனை சொல்ல முன்வந்துவிட்டார்கள். நம் சங்கத்தின் வெற்றி இதுவே. கந்தையா, அவர் பெயரையும் எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு மூன்றாவதாகப் பேசட்டும்."

கந்தையா பென்சிலை நாக்கில் தொட்டுப் பெயரை எழுதினார். முத்துவீரன் இரண்டு பக்கமும் பார்த்தான். கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"எங்கிட்ட யோசனை ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்றான். "அவளுக்கு வலி எடுத்திருச்சுங்க. மருத்துவச்சியம்மாவக் கூட்டிக்கிட்டுப் போக வந்தேங்க. தண்ணி ஏறிக்கிட்டு வருதுங்க."

ஸைனம்பு வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள். பதினோரு ஞாயிறாக அடக்கி வைத்த கோபம் தலைக்கேறி, காது இரண்டும் சிவந்துவிட்டது. நேரே மேடைக்குப் போய் நின்றாள்.

"எறங்கு மகன்."

"மாமி, இன்னம் ரெண்டு பேர் பேச ஈக்கி. நன்றியுரையும்..."

"நன்றிய நான் பொறகு வந்து செல்றன். நீ எறங்கு."

மாஸ்டர் இறங்கவில்லை. பக்கத்துப் பலகைக்குத் தாவிக்கொண்டார். அவர் நின்ற பலகையின் ஒரு முனையை அவள் தூக்கினாள். மறுமுனைக்கு முத்துவீரன் ஓடினான். கந்தையா பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

"அம்மா, அம்மா, பலகை ஆத்துல கெடந்தா பெட்டிசம் கெட்டுப்போயிருமுங்க!"

"ஒன்ட பெட்டிசத்துக்கும் வலி எடுத்தா ஆளனுப்பு. அதுக்கும் நான் வாறன்."

சாமான் மூட்டையோடு நின்ற தோட்டத்து ஆட்கள் இருவர் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பலகையைத் தோளில் வாங்கினார்கள். ஸைனம்பு குடையையும் மூட்டையையும் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். அவர்கள் வீதி முடக்கில் திரும்பும்போது மேடையில் மறுபடி பேச்சு ஆரம்பித்திருந்தது. தீர்மானம் இல்லாமல் பலகையைக் கொடுத்தது சரியா என்பது விஷயம்.

ஆற்றில் தண்ணீர் மரத்தைத் தொட இன்னும் ஒரு முழம்தான் இருந்தது. பலகையைப் பாறைக்கும் அக்கரைக்கும் நடுவே மரத்தை ஒட்டிப் போட்டு, இரண்டு முனையிலும் கல் ஏற்றினார்கள். அந்த வேலைக்குப் பிடித்த நேரம் ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம். ஸைனம்பு ஒரு கால் பலகையிலும் ஒரு கால் மரத்திலுமாக, நிமிர்ந்து, குடையை ஊன்றிக்கொண்டு நடந்து போனாள். இவ்வளவுதானா, இதற்கா பதினோரு ஞாயிறு என்று நடுவழியில் நின்று ஒருமுறை கடைவீதிப் பக்கம் திரும்பி முறைத்தாள்.

இருட்டுவதற்கு முன்னே பிள்ளை வந்துவிட்டது. பெண். இதற்கும் கழுத்தில் கொடி ஒரு சுற்று. விரலை விட்டு எடுத்து, கவிழ்த்துப் பிடித்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். லயம் முழுக்கக் கேட்கும்படி அது வீரிட்டது. முத்துவீரன் வாசலில் விறகுக் கட்டோடு நின்றுகொண்டிருந்தான். அவள் கேட்டது நாலாவது கட்டு. அழகம்மா இந்தத் தடவை அழுதாள். ஸைனம்புவும் முக்காட்டுத் துணியை முகத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த ஞாயிறும் சங்கம் கூடியது. மேடையில் மூன்று பலகை, ஓரத்தில் ஒரு இடைவெளி. மக்கீன் மாஸ்டர் இடைவெளியைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து ஏறினார். ஸைனம்பு தேயிலைப் பெட்டியில் வழக்கம்போல இருந்தாள். அவளைக் கண்டதும் அவர் குரலைக் குழைத்துக்கொண்டார்.

"சகோதரர்களே, அவசரத்துக்காகச் சங்கம் ஒரு பலகையை ஆற்றுக்கு இரவல் கொடுத்திருக்கிறது. துரை வரும் நாளன்று மட்டும் அதை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு மறுபடி போடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அதை இன்று விரிவாக ஆராய்வோம். அதற்கு முன்னால், நமது சமூகத்தின் இன்றைய நிலை..."

ஸைனம்பு வெற்றிலைப் பெட்டியைத் திறக்கவில்லை. மேற்பிரிவில் இந்த மாதம் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒரு பலகையும் ஒரு மரமும் சேர்ந்தும் வழுக்கத்தான் செய்கிறது. குடையை எடுத்துக்கொண்டு மெதுவாக எழுந்து மேடையோரம் போனாள். மாஸ்டர் நின்றுகொண்டிருந்த பலகையின் நுனிக்கு அடியில் குடை முனையை விட்டு, எவ்வளவு லேசாகக் கிளம்புகிறது என்று ஒரு விரற்கடை தூக்கிப் பார்த்தாள்.