தார் ரோட்டில் ராகிக் களம்

எங்கள் ஊர் வழியாக ராசிபுரத்துக்குத் தார் ரோடு போட்டார்கள். யாருக்காகப் போட்டார்கள் என்பதில் என் பெரியப்பாவுக்குச் சந்தேகமே கிடையாது. அவருடைய ராகியைக் காயப்போடத்தான்.

அப்பாவுக்கு அண்ணன் அவர். எங்கள் கூட்டுக் குடும்பத்தில் அவர் சொன்னதுதான் சட்டம். அந்தச் சித்திரைக் கடைசியில் ராகி அறுப்பு முடிந்ததும், களத்தில் கதிரை மிதிக்கக் கட்டி ஓட்டினால் மாடு வெயிலில் இளைத்துப்போகும் என்று ரொம்பவும் இரக்கப்பட்டார். கதிரை ரோட்டில் பரப்பிவிட்டால் பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறிப் போய் மணியை உதிர்த்துக் கொடுத்துவிடும். ஒவ்வொரு வண்டி போனதும் கவைக்கோலால் புரட்டிவிட ஓர் ஆள் மட்டும் வேண்டும். அந்த ஆள் என் அம்மா. மாட்டுக்காக அவ்வளவு யோசித்த மனுஷனுக்கு அம்மாவுக்கும் இரண்டு கால் இருப்பது கண்ணில் படவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா லாரி டிரைவர். அவர் முன்பே சொல்லிப் பார்த்தார். "ரோட்டுல ராகி போடாதீங்கண்ணா. மணி உருண்டா பிரேக்கு புடிக்காதுங்க." பெரியப்பா, "நீ உன்ற வண்டியப் பாத்து ஓட்டு" என்றதோடு பேச்சு முடிந்தது. அப்பா லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விட்டார்.

கதிர் மொறுமொறுவென்று காய்ந்தால்தான் மணி உதிரும் என்பதால் வேலையெல்லாம் உச்சி வெயிலில். தார் இளகிப் பளபளவென்று கிடக்கும். அம்மா அதன்மேல் வெறுங்காலோடு நிற்பாள். அவளிடம் செருப்பு இல்லாமல் இல்லை. அப்பா சேலத்தில் வாங்கிக் கொடுத்த ஜோடி ஒன்று பரணில் துணி சுற்றிக் கிடந்தது. ஆனால் பெரியவர்கள் முன்னால் பெண்பிள்ளைகள் செருப்புப் போட்டு நடந்தால் அந்தக் காலத்தில் குடும்ப மானமே போய்விடும். எப்போதாவது சேலத்துக்குப் போகும்போதுகூட அம்மா அதைக் கையில் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏறிய பிறகுதான் மாட்டிக்கொள்வாள். பெரியப்பாவோ ரோட்டோரப் புளியமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு, செருப்புக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நான் அப்போது எட்டு வயதுப் பெண்பிள்ளை. அம்மாவுக்குத் தண்ணீர் கொடுப்பது என் வேலை. அன்று அவள் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டே புரட்டினாள். சொம்பை வாங்கி, குடிக்காமல் பாதத்தில் ஊற்றிக்கொண்டாள். தம்பி மனைவியிடம் பெரியப்பா நேராகப் பேசுவதில்லை. அதிலெல்லாம் அவர் மரியாதை தவறாதவர். எங்கள் பக்கம் பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல் 'சாமி' போட்டு என்னிடம் சொன்னார்:

"ராகி நனையுதுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு சாமி."

நான் சொல்லவில்லை. நேரே வீட்டுக்கு ஓடினேன். பரணில் ஏறிச் செருப்பை எடுத்தேன். அதே ரோட்டில் திரும்ப ஓடிவந்து அம்மாவிடம் நீட்டினேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"கொண்டுபோயி வெச்சுப்போட்டு வா சாமி. பெரியப்பா பாக்கறாங்க."

"போட்டுக்கம்மா!" என்று நான் கத்தினேன். கத்திய கத்தலில் பஸ் வந்த சத்தம் இரண்டு பேருக்குமே கேட்கவில்லை. ஹாரன் அடித்தபோது வண்டி ராகிமேல் ஏறிவிட்டது. டிரைவர் பிரேக் போட்டார். அப்பா சொன்னபடியே அது பிடிக்கவில்லை. பஸ் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு எங்களைப் பார்த்து வந்தது. அம்மா என்னைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள். வெந்துபோன காலை ஊன்றி அவளால் ஓட முடியவில்லை. தடுக்கி விழுந்து, அப்படியே மண்ணுக்கு உருண்டாள். அவள் கையிலிருந்து விழுந்த கவைக்கோலைப் பஸ் சக்கரம் நொறுக்கிவிட்டு நின்றது.

டிரைவர் குதித்து இறங்கி, "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று அம்மாவைத்தான் முதலில் திட்டினார். அதற்குள் அவள் பாதம் அவர் கண்ணில் பட்டது. கொப்புளம் உடைந்து தாரும் தோலும் ஒன்றாக ஒட்டியிருந்தது. அவர் புளியமரத்துப் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க பெரியவரே, செருப்பு மாட்டிட்டு நெழல்ல உக்காந்திருக்கறீங்களே, இந்தம்மா காலைப் பாத்தீங்களா? கொஞ்சம் தப்பியிருந்தா உசுரே போயிருக்குமுங்க!"

பெரியப்பா எழுந்திருக்கவே இல்லை. "நீ மொதல்ல பஸ்ஸ மெல்ல ஓட்டிப் பழகு" என்றார். பஸ் போனதும் என்னைக் கூப்பிட்டு, பெரிய மனது பண்ணித் தீர்ப்புச் சொன்னார்.

"கால்ல சாக்குத்துணியச் சுத்திக்கச் சொல்லு சாமி. நாலு பேரு பாக்கற எடத்துல மானம் போகுது."

சாக்கு கட்டினால் போகாத மானம் செருப்புப் போட்டால் போய்விடுமாம்! மறுநாளும் ராகி ரோட்டில்தான் கிடந்தது. இந்தத் தடவை இரண்டு பக்கமும் பெரிய கல்லாக வைத்திருந்தார், பஸ் வழுக்கி ராகியை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க.

பஸ் மோதப் பார்த்த அன்று சாயங்காலம் அம்மா கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பாதத்துக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நான் கொண்டுவந்தும் ஏன் போட்டுக்கொள்ளவில்லை, அவரை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவளைப் போட்டு உலுக்கினேன். நான் நொண்டி நொண்டி நடப்பதைப் பார்த்ததும் அவள் என் காலை இழுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். என் பாதத்திலும் கொப்புளம்.

"செருப்பக் கையில தூக்கிட்டு அந்தச் சூட்டுல ஓடியாந்தியே. பெருசா இருந்தாலும் நீயாச்சும் மாட்டிட்டு வந்திருக்கலாமில்ல சாமி?"

இப்படியும் ஒரு கேள்வியா என்று இருந்தது எனக்கு.

"அதெப்படிம்மா? பெரியப்பா பாத்துட்டு இருந்தாங்கல்லோ?"

பஸ்ஸுக்கு முன்னால் விழுந்தபோதும் அழாத அம்மா, என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பாதம் எரிகிறதாக்கும் என்று நினைத்து, நான் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.