முழித்திருக்க வேண்டும் என்றாள்

சந்தைக்குப் போய்த் திரும்பிய ஜீப் புதூர்நாட்டு மலைப்பாதையில் கவிழ்ந்ததில் என் மனைவிக்குத் தலையில் அடி. வேலூரில் ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்குத் தூக்கி வந்த பிறகுதான் என் வேலை ஆரம்பித்தது.

வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது; கால்களும் இறுகிக் கிடந்தன. விரல்களைப் பிரித்து உள்ளங்கையைக் கழுவுவதற்குள் நான் ஓய்ந்துவிடுவேன். அதைவிடக் கொடுமை, திடீரென்று வரும் அந்த விறைப்பு. உடம்பு வில்லாய் வளையும், முகம் சிவக்கும், வேர்வை பாயை நனைக்கும், நெஞ்சு தடதடவென அடித்துக்கொள்ளும். முதல் முறை ஜுரம் என்று நினைத்துக் கம்பளி போர்த்தினேன். இன்னும் மோசமானது.

"இது ஜுரம் இல்லீங்க," என்றார் மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டரம்மா. "வேர்வை, நெஞ்சுத்துடிப்பு எல்லாத்தையும் மூளைதான் அடக்கி வச்சிருக்கும். அடிபட்டதுல அந்தப் பிடி விட்டுப்போச்சு. யூரின் ட்யூப் மடங்கியிருக்கா, மலம் கட்டியிருக்கா, துணி எங்கனா அழுத்துதான்னு மொதல்ல பாருங்க."

அன்றிலிருந்து விறைப்பு வந்தால் முதலில் ட்யூபைத்தான் தடவினேன். பல தடவை கோளாறு அங்கேதான் இருந்தது. மற்ற நேரங்களில் காரணமே தெரியாது. சன்னலைத் திறந்து, ஈரத்துணியால் துடைத்து, அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த வருஷம் சாமை அறுப்புக்கு நான் போகவேயில்லை.

விறைப்புக்குக் கொடுத்திருந்த மாத்திரையை டாக்டரம்மா கூட்டியதும் கையும் காலும் இளகின. விறைப்பு வருவதும் குறைந்தது. ஆனால் அவள் நாள் முழுக்கத் தூங்கினாள். கூழ் வாயிலேயே நின்றது. எனக்கும் அப்போதுதான் கொஞ்சம் தூக்கம் கிடைத்தது.

ஒரு மத்தியானம் மாத்திரையோடு போனபோது உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"இன்னா, வாணாமா?"

"தூக்கம்... வாணாம்." ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "வலிக்கட்டும்ங்க. முழிச்சி... இருக்கணும்."

"வலிச்சா கத்துவ. நான்தான பாக்கணும்?"

"பாருங்க," என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. சட்டென நிறுத்தினால் ஆபத்து என்று டாக்டரம்மா எச்சரித்திருந்ததால் அன்றைக்குக் கெஞ்சி விழுங்க வைத்தேன். மறுநாள் அவளையும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினேன். மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைக்கச் சொன்ன டாக்டரம்மா, கை இறுகாமல் இருக்க அதற்கு மட்டும் தனியாக ஊசி போட்டார்.

இப்போது பகலில் விழித்திருக்கிறாள். வாசலில் போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். கால்களில் இறுக்கம் திரும்பிவிட்டது. காலையும் மாலையும் பாதத்தைப் பிடித்து நீவி மடக்குகிறேன். வலித்தால் என்னைத் திட்டுகிறாள். மற்றொரு காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.