ஹேடோ வாசகசாலையில் விக்டர்

இன்று காலை அலமாரியைத் திறந்ததும் ஈரக் காகித வாசனை வந்தது. இந்த மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த மூன்றாவது புத்தகம் இது என்று எரிச்சல்பட்டுக்கொண்டே துடைக்கையில், எங்கள் தீவின் ஹேடோ துறைமுகக் குவார்ட்டர்ஸில் சின்ன வயதில் நாங்கள் போன வாசகசாலை நினைவுக்கு வந்தது. இப்போது அந்த இடத்தில் கண்டெய்னர்களை அடுக்கியிருக்கிறார்கள். போன மாதம் எண்ணினேன், நாற்பத்தொன்று.

அன்று அங்கே இருந்ததெல்லாம் தகரக் கூரையும் நான்கு பெஞ்சுகளும்தான். மழை கொட்டினால் பேச்சு கேட்காது. துறைமுகத்துக் கொப்பரை வாசனையும் தார் வாசனையும் ஜன்னல் வழியே வந்து புத்தகங்களில் ஏறிக்கொள்ளும். பள்ளி விட்டதும் அக்காவும் நானும் கிரேன் ஓட்டுபவரின் மகன் விக்டரும் அங்கேதான் கிடப்போம். எங்கள் தாத்தாவை மெயின்லேண்டிலிருந்து கைதியாகக் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்பதால், விக்டர் என்னை "கன்விக்ட்" என்றே கூப்பிடுவான். எனக்கு அழுகை முட்டும்.

ஒருநாள் பெரிய ஆங்கில அகராதியில் லத்தீன் வேர்களைப் படித்துக்கொண்டிருந்த அக்கா திடீரென்று சிரித்தாள்.

"டேய் விக்டர், இதர் ஆ, வந்து இதப் பாரு. 'வின்செரே'ன்னா ஜெயிக்கிறது. உன் பேரு அதுலேர்ந்துதான் வந்திருக்கு. கன்விக்டும் அதேதான்."

"ஜூட்! பொய் சொல்லாதீங்கக்கா. விக்டர்னா ஜெயிச்சவன்."

"கன்விக்டுன்னா கேஸ்ல தோத்தவன். வேர் ஒண்ணுதானேடா?"

விக்டர் அந்த வரியில் விரல் வைத்து இரண்டு முறை படித்தான். மழை விட்டதும் எழுந்து போனவன், வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"சலோ பங்காளி, கப்பல் வந்திருச்சு, போய்ப் பாக்கலாம்."