பீரங்கியக்காவின் பாட்டு

தொண்டைக்குள் இருப்பவை இரண்டு மெல்லிய மடிப்புகள். அவற்றில் எது ஆண், எது பெண் என்று உங்களால் சொல்ல முடியுமா?

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் ஒருத்தியை எனக்குத் தெரியும். அங்கே அவள் பெயர் பீரங்கியக்கா. கதவைத் தட்டி அவள் குரல் கொடுத்தால், உள்ளிருந்து "யாரு சார்?" என்று கேட்பார்கள். பள்ளிப் பாட்டுக்குழுவில், "நீ வாயை மட்டும் அசை" என்றார் ஆசிரியர். அன்றிலிருந்து முப்பது வருடம் அவள் பாடியதெல்லாம் இஸ்திரி ஆவிக்குள்தான். அந்தக் குரல் தரையடியிலிருந்து கிளம்பும். வெள்ளை ஆவியில் சுவர்கள் கரையும், கொடியில் விரிப்புகள் மெல்ல அசையும், கூடமே கரையை விட்டு நகர்வதுபோல் இருக்கும்.

வேலையிடப் பாடல்களைப் பதிவு செய்ய வானொலியிலிருந்து ஒருவர் வந்தார். அக்கா பாடினாள். மறுவாரம் அவர் அதைப் போட்டுக் காட்டினார். யாரோ ஒரு சின்னப்பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

"இது யாரு?"

"நீங்கதாம்மா. சுருதிய கொஞ்சம் ஏத்துனேன். பொம்பளக் குரலா வந்துடுச்சு பாருங்க."

"அடப்பாவி, எங்க அக்காவ எலிக்குஞ்சு ஆக்கிட்டீங்களே!" என்றாள் துணி மடிப்பவள்.

அக்கா சிரிக்கவில்லை. "என் குரலாவே போடுங்க. இல்லன்னா அழிச்சுடுங்க."

"கேக்குறவங்க ஆம்பளன்னு நெனச்சுக்குவாங்கம்மா."

"நெனச்சுட்டுப் போகட்டும். அதுக்காக நான் இன்னொருத்தி ஆகணுமா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு சுருதி மாற்றாத பழைய பதிவைப் போட்டார். தன் குரலை முதன்முதலாக வெளியிலிருந்து கேட்ட அக்கா, நனைந்த விரிப்பைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் திறக்கவில்லை.

ஞாயிறு காலை அது அப்படியே ஒலிபரப்பானது. என் வீட்டு வானொலியைக் கேட்டு, தெருவில் ஒருவன் சைக்கிளை விட்டு இறங்கி, பாட்டு முடியும்வரை நின்றதை நானே பார்த்தேன்.

திங்களன்று வானொலிக்கு நான்கு புகார்கள். "பெண் பாடுவதாகச் சொல்லி ஏமாற்றுகிறீர்கள்." பாராட்டு ஒன்றுகூட இல்லை. சைக்கிள்காரன் ஒரு வரி எழுதிப் போடவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் எழுதவில்லை. "மேலிடத்துல யோசிக்கிறாங்க. அடுத்த பாட்டு சந்தேகந்தான்" என்கிறார் பதிவுக்காரர்.

முட்டாள்தனம் சளைக்காமல் புகார் எழுதுகிறது. ரசனையோ வீட்டில் உட்கார்ந்து ரசிக்கிறது. இப்படியொரு குரல் உங்களை நடுத்தெருவில் நிறுத்தினால், அன்றைக்கே அந்த வானொலிக்கு நான்கு வரி எழுதிப் போடுங்கள். பிடித்திருந்தது, இன்னொரு பாட்டு வேண்டும் என்று கேளுங்கள்.